பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் நாள் வந்தால் பரண் காலியாகும். ஓட்டை அண்டா இறங்கும். கால் உடைந்த நாற்காலி இறங்கும். சில வீடுகளில் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டியும் இறங்கும். அதன் முன்பக்கத்தில் எழுத்துப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். பின்னால் ஒயர் தொங்கும்.

"இது என்ன தாத்தா?" என்று பேரன் கேட்பான்.

"அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்டா, கண்ணு!" என்பார் தாத்தா.

அதற்குள் வாசலில் பழைய சாமான் வாங்குகிறவர் வந்துவிடுவார். தராசில் வைப்பார். காசைக் கொடுப்பார். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கினோம். இன்று பழைய கம்ப்யூட்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். இது சரியா?

சரியல்ல என்பதே நம் கருத்து. அந்தப் பெட்டிக்கு இன்னும் உயிர் கொடுக்கலாம். அதற்கு வேண்டியது தபால் தலை அளவுள்ள ஒரு சிறு கார்டும், அதைப் பெட்டியோடு இணைக்கும் ஒரு துணைக் கருவியும்தான்.

பள்ளிக்கு வந்த பெட்டி

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எப்போது தெரியுமா? 1984-85ஆம் ஆண்டில்.

அந்த ஆண்டு மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'பி.பி.சி. மைக்ரோ' என்ற சிறிய கம்ப்யூட்டர்களை அந்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு திட்டம் வளர்ந்தது. மொத்தம் 12,000 கம்ப்யூட்டர்கள் மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த 'ஏக்கார்ன்' என்ற கம்பெனி இந்தக் கம்ப்யூட்டரை 1981இல் செய்தது. பி.பி.சி. நிறுவனம் டெலிவிஷன் மூலம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியது. அந்தப் பாடத்துக்காகச் செய்ததால் இந்தப் பெயர் வந்தது.

நம் நாட்டிலும் இதைச் செய்தார்கள். பஞ்சாபில் மொகாலியில் இருந்த அரசுத் தொழிற்சாலையான 'செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ்' இதே எந்திரத்தை 'யூனிகார்ன்' என்ற பெயரில் வெளியிட்டது. அந்தத் தொழிற்சாலையில் 1989இல் பெரிய தீ விபத்து நடந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர்களும் வந்தன. இங்கிலாந்தில் 1982இல் வெளிவந்த 'ஸ்பெக்ட்ரம்' கம்ப்யூட்டரைப் புனாவில் இருந்த 'டெசிபெல்ஸ்' என்ற கம்பெனி 'டி.பி. ஸ்பெக்ட்ரம்' என்று செய்து விற்றது. டெலிவிஷன் பெட்டியோடு இணைத்தால் போதும். விளையாடலாம், கணக்குப் போடலாம், புரோகிராம் எழுதலாம்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஏக்கார்ன் கம்பெனியில் சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் என்ற இரு நிபுணர்கள் பி.பி.சி. மைக்ரோவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். அவர்களே 1985இல் 'ஆர்ம்' என்ற சில்லையும் உருவாக்கினார்கள். அந்தச் சில்லை வடிவமைக்கும் வேலைக்குப் பி.பி.சி. மைக்ரோவும் உதவியது. இன்று நம் கையில் இருக்கும் செல்போன்களில் பெரும்பாலானவற்றின் மூளை அந்த 'ஆர்ம்' வழி வந்ததுதான். ஆகவே, பரணில் தூங்கும் அந்தப் பெட்டி உங்கள் செல்போனுக்குப் பெரியப்பா முறை!

கெட்டுப் போனது எது?

பழைய கம்ப்யூட்டர்களில் பல இன்னமும் வேலை செய்யக் கூடியவை. கெட்டுப் போவது பெரும்பாலும் மூளை அல்ல, நினைவுப் பெட்டகம்தான்.

அந்த எந்திரங்களை நிறுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். ஆகவே எழுதியதை வெளியே எதிலாவது சேர்த்து வைக்க வேண்டும். அன்று அதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, பாட்டுக் கேட்கும் ஒலிநாடா. கம்ப்யூட்டர் தன் செய்தியை 'கீச்' என்ற சத்தமாக மாற்றி நாடாவில் பதியும். பி.பி.சி. மைக்ரோ ஒரு நொடியில் சுமார் 100 எழுத்துகளைத்தான் நாடாவிலிருந்து படிக்கும். ஒரு நடுத்தரமான விளையாட்டு ஏறுவதற்கு மூன்று, நான்கு நிமிஷம் ஆகும். நடுவில் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மற்றொன்று, பிளாப்பித் தட்டு. காந்தப் பூச்சு பூசிய மெல்லிய வட்டத் தகடு அது. சின்னத் தட்டு ஒன்றில் 100 கே.பி., அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்து அடங்கும்.

இரண்டுமே காந்தத்தை நம்பியவை. இரண்டுக்கும் சுழலும் பாகங்கள் வேண்டும். சுழல்வது தேயும். ரப்பர் பெல்ட் இளகும். கிரீஸ் இறுகும். மழைக்காலத்தில் தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். புதிய தட்டு வாங்கலாம் என்றால் அதுவும் எளிதல்ல. பிளாப்பித் தட்டு விற்பனையில் பேர் போன சோனி கம்பெனியே 2011இல் ஜப்பானில் அந்த விற்பனையை நிறுத்திவிட்டது.

அதனால்தான் "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு" என்று மூட்டை கட்டிவிட்டார்கள். வார் அறுந்த செருப்பைப் பார்த்து, "தோலே கெட்டுப் போச்சு" என்று சொல்வது போன்றது இது. ஆம்பூர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா?

அசையாத நினைவு

இப்போது செல்போனில் போடுகிறோமே, சின்னக் கார்டு, அதை எடுத்துப் பாருங்கள். அதில் சுழல்வது ஒன்றும் இல்லை. அசைவது ஒன்றும் இல்லை. பின் எப்படி நினைவு நிற்கிறது?

அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்ன அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளில் மின்துகள்களை அடைத்து வைக்கிறார்கள். சுற்றிலும் மின்சாரம் எளிதில் தாண்ட முடியாத சுவர் உண்டு. கரண்ட் போனாலும் துகள்கள் அறையை விட்டு ஓடுவதில்லை. எந்த அறையில் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்த்தால், எழுதியதைப் படித்துவிடலாம். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா என்ற நிபுணர் கண்டுபிடித்தது இது. 1984இல் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

பி.பி.சி. மைக்ரோவின் முழு நினைவு 32 கே.பி. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் கார்டு 32 ஜி.பி. அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு! அந்தக் காலத்து 100 கே.பி. தட்டுகள் மூன்று லட்சத்தை அந்த ஒரே கார்டில் அடக்கலாம்.

பாட்டிக்குப் பேத்தி மொழி

ஆனால் 1981இல் பிறந்த எந்திரத்துக்கு இன்றைய கார்டின் பாஷை புரியுமா? நேராகப் புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் துணைக் கருவிகள் பல வந்துள்ளன.

முதல் வகை, பிளாப்பி டிரைவ் போல நடிக்கும் பெட்டி. 'கோடெக்' என்பது இதில் பேர் பெற்றது. பழைய டிரைவைக் கழற்றிய இடத்தில் இதைப் பொருத்துவார்கள். அதே 34 கம்பி நாடாதான். முன்பக்கத்தில் பென் டிரைவ் செருகும் இடம் இருக்கும். "அடுத்த கோட்டைப் படி" என்று கம்ப்யூட்டர் கட்டளை இடும். இந்தப் பெட்டி பென் டிரைவிலிருந்து எடுத்து, சுழலும் தட்டு கொடுப்பது போலவே கொடுக்கும். உள்ளே தட்டே இல்லை என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது!

இந்தப் பெட்டி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. பிளாப்பி வைத்த எம்பிராய்டரி எந்திரங்களுக்கும், உலோகம் கடையும் எந்திரங்களுக்கும் விற்கப்பட்டது. தட்டு கிடைக்கவில்லை என்பதற்காக லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய எந்திரத்தைத் தூக்கி எறிய எந்த முதலாளிக்கு மனம் வரும்? தொழிற்சாலைக்காக வந்த வைத்தியம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பலித்தது.

இரண்டாவது வகை, எஸ்.டி. கார்டை இணைக்கும் கருவி. பி.பி.சி. மைக்ரோவின் அடிப்பக்கத்தில் ஒரு செருகுவாய் உண்டு. அதில் இதைச் செருகலாம். கார்டைப் படிக்கத் தெரிந்த 'எம்.எம்.எப்.எஸ்.' என்ற புரோகிராம் கொண்ட சில்லு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். டிஸ்க் வசதி இல்லாமல் நாடாவை மட்டும் நம்பிய எந்திரங்களுக்கும் இது உதவும். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு 'டிவ்எம்எம்சி' என்ற கருவி இருக்கிறது. அது பின்பக்கம் செருகுவது. நான்கைந்து நிமிஷம் காத்திருந்து ஏற்றிய விளையாட்டு இதில் சில நொடிகளில் வந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பழைய எந்திரம் வேலை செய்வது 5 வோல்ட்டில். கார்டு வேலை செய்வது 3.3 வோல்ட்டில். நேராக இணைத்தால் கார்டு கெட்டுவிடும். ஆகவே நடுவில் மின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம் உள்ள கருவியைத்தான் வாங்க வேண்டும். எதைச் செருகினாலும், எடுத்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும்.

"அப்போது அது பழசு ஆகுமா?"

சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "புது நினைவை வைத்துவிட்டால் அது பழைய கம்ப்யூட்டர் ஆகுமா? இருந்தது இருந்தபடியே வைக்க வேண்டாமா?" என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். நம் பதில் இது: ஓடாத எந்திரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மை. ஓடும் எந்திரம் பிள்ளைகளுக்கு வாத்தியார். செருப்புக்கு வார் மாற்றினால் செருப்பு மாறிவிடாது. ஆனால் வார் மாற்றுகிறேன் என்று தோலையே வெட்டிவிடக் கூடாது.

ஆகவே ஒரு வரம்பு வைத்துக் கொள்வோம். பெட்டியில் புது ஓட்டை போடக் கூடாது. பழைய பாகத்தை அறுக்கக் கூடாது. செருகுவதும் கழற்றுவதுமாக இருக்கட்டும். கழற்றிய பழைய டிரைவைத் துணியில் சுற்றி, பெயர் எழுதி, பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஒருவர் பழையபடி மாற்ற நினைத்தால் மாற்ற முடிய வேண்டும்.

முதல் வேலை நகல்

எந்திரத்தை விடப் பெரிய சொத்து தட்டிலும் நாடாவிலும் இருப்பது.

எந்திரம் ஒன்று போனால் இன்னொன்று தேடலாம். ஆனால் அப்பா எழுதிய கணக்குப் புரோகிராம், அச்சகத்தில் கோத்த மலர், ஆசிரியர் தயாரித்த பாடம் - இவை ஒரே பிரதிதான் இருக்கும். போனால் போனதுதான்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1980களிலேயே கனடாவில் கே. சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ்ப் புரோகிராமைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். அதன் பிறகு ஊருக்கு ஊர் தமிழ் எழுத்துருக்கள் பெருகின. ஆளுக்கு ஒரு முறை. ஒன்றில் 'அ' என்று அடித்தது, மற்றொன்றில் வேறு எழுத்தாகத் தெரியும். யூனிகோட் முறையைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்தான். அதற்கு முன் பிளாப்பியில் சேர்த்த தமிழ்க் கட்டுரைகளை நகல் எடுத்தால் மட்டும் போதாது. அவற்றை அடித்த எழுத்துருவையும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து இருக்கும், படிக்க முடியாது!

நகல் எடுக்கச் சில யோசனைகள்:

தட்டைப் போடும் முன் அழியாமல் காப்பு செய்யுங்கள். மூன்றரை அங்குலத் தட்டில் மூலையில் உள்ள சிறு ஓட்டையைத் திறந்து வைக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத் தட்டில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். ஒலிநாடாவில் முதுகுப் பக்கச் சிறு தகட்டை உடைத்துவிட வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த தட்டை அப்படியே டிரைவில் போடாதீர்கள். தட்டும் கெடும், டிரைவின் தலையும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே போட வேண்டும்.

ஒலிநாடாவை ஓட விட்டு, சத்தத்தை இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே பதிவு செய்யலாம். ஒலியைச் சுருக்கிப் பதியக் கூடாது. அதைப் புரோகிராமாக மாற்றித் தரும் வசதிகள் இருக்கின்றன. பழைய பிளாப்பி டிரைவை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்க 'கிரீஸ்வீசில்' என்ற சிறு அட்டை இருக்கிறது.

உப்புத் தோலும் பதனிட்ட தோலும்

கார்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை.

நம் வட்டாரத்து மக்களுக்கு இதை எளிதாக விளங்க வைக்கலாம். பச்சைத் தோலை அப்படியே போட்டால் அழுகிவிடும். உடனே உப்புப் போடுகிறோம். உப்புப் போட்ட தோல் சில காலம் தாங்கும். ஆனால் என்றென்றும் தாங்காது. சுண்ணாம்பில் ஊறி, ஆவாரம்பட்டையிலோ குரோமிலோ பதமான தோல்தான் தலைமுறைக்கு நிற்கும்.

பழைய பிளாப்பித் தட்டு பச்சைத் தோல். கார்டில் எடுத்த நகல் உப்புத் தோல். ஏனென்றால் கார்டுக்குள் அடைத்த மின்துகள்களும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கார்டு சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் செத்தும் போகும். ஒரு நகலைக் கார்டிலும், ஒரு நகலை வீட்டுக் கம்ப்யூட்டரிலும், ஒரு நகலை அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜை அன்றோ பெருநாள் விடுமுறையிலோ எடுத்துப் பாருங்கள். அதுதான் பதனிட்ட தோல்.

எச்சரிக்கை!

பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போடாதீர்கள். முப்பது, நாற்பது வருஷம் கிடந்த மின்பாகம் வெடித்துப் புகை கக்கும். பி.பி.சி. மைக்ரோவுக்கு இது பழகிய வியாதி. முதலில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, மின்சாரப் பெட்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில கம்ப்யூட்டர்களின் உள்ளே சிறு பேட்டரி இருக்கும். அது கசிந்து பக்கத்துக் கம்பிகளை அரித்துவிடும். அதையும் பார்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் தனியாகத் திறக்க வேண்டாம்.

பாலாறு சொல்லும் பாடம்

பிழைக்கவே பிழைக்காது என்று தெரிந்த எந்திரத்தை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். குப்பையில் கொட்டாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் பற்றவைத்த இடமெல்லாம் ஈயம் இருக்கிறது. படக் குழாயின் கண்ணாடியிலும் ஈயம் இருக்கிறது. செம்புக்காக ஒயரை எரித்தால் நச்சுப் புகை வரும். அந்தப் புகை எரிக்கும் தொழிலாளியின் பிள்ளைக்குத்தான் முதலில் போகும்.

கழிவைக் கண்ட இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பாலாற்றங்கரை மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில்தான், 'கெடுத்தவரே செலவு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையைச் சுப்ரீம் கோர்ட்டு 1996இல் உறுதி செய்தது. வேலூர் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது அந்த வழக்கால். அடுத்த தலைமுறை கம்ப்யூட்டர் கழிவுக்காக இன்னொரு வழக்குப் போடும்படி நாம் வைக்கக் கூடாது. அனுமதி பெற்ற மின்கழிவு நிலையங்களிடமே கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் பழைய சாமான் அறையை ஒரு முறை திறந்து பாருங்கள். ஏலம் போடும் பட்டியலில் பழைய கம்ப்யூட்டரும் தட்டுகளும் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

பாலிடெக்னிக், என்ஜினீயரிங் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்து, "இதற்குப் புது நினைவு வைத்து ஓட்டிக் காட்டு" என்று சொல்லுங்கள். இன்றைய செல்போனைத் திறந்தால் ஒன்றும் புரியாது. இந்தப் பெட்டியைத் திறந்தால் எது மூளை, எது நினைவு, எது வாசல் என்று விரல் வைத்துக் காட்டலாம். இதை விட நல்ல பாடம் கிடைக்குமா?

வேலூர் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வாளும் சிலையும் இருக்கும் இடத்தில், நம் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டருக்கும் ஓர் அலமாரி ஒதுக்கலாம். ஓடும் நிலையில் வைத்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

செலவு அதிகம் இல்லை. கார்டு சில நூறு ரூபாய். துணைக் கருவி சேர்த்தாலும் ஒரு புதுச் செல்போன் விலையை எட்டாது.

வீட்டுக்காரர்களே! இந்த வாரம் பரணைப் பாருங்கள். தட்டு இருந்தால் எடுத்து வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். நாடா இருந்தால் மேலே பெயர் எழுதுங்கள். நகல் எடுக்கத் தெரிந்த பிள்ளை உங்கள் தெருவிலேயே இருப்பான், கூப்பிட்டுக் கேளுங்கள்.

காயலான் கடை எங்கேயும் போய்விடாது. ஆனால் அங்கே போட்டது திரும்பி வராது.